ஐபிசிசி வரைவு அறிக்கைகளை மதிப்பாய்வு செய்வது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உலக வானிலை அமைப்பும் ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் திட்டமும் 1988 இல் இணைந்து நிறுவிய ஐபிசிசி (காலநிலை மாற்றத்துக்கான அரசுகளுக்கிடையேயான குழு), காலநிலை மாற்றம் குறித்துச் சொந்தமாக ஆய்வு எதையும் நடத்துவதில்லை. உலகெங்கும் வெளிவந்த ஆய்வுகளைப் படித்து, எடைபோட்டு, அரசுகள் பயன்படுத்தத்தக்க மதிப்பீட்டு அறிக்கைகளாகத் தொகுப்பதே அதன் பணி. அந்த அறிக்கைகளின் வரைவுகளைத் துறையறிஞர்கள் எவரும் மதிப்பாய்வு செய்யலாம் என்பது தமிழகத்திலும் இலங்கையிலும் உள்ள ஆய்வு மாணவர்கள், பேராசிரியர்கள் பலருக்குத் தெரியாமலே இருக்கிறது. அவர்களிடமிருந்து எழக்கூடிய கேள்விகளுக்கான விடைகள் இங்கே தரப்படுகின்றன.

வரைவை எழுதுவோர் யார், மதிப்பாய்வோர் யார்?

ஒவ்வொரு இயலுக்கும் ஒருங்கிணைப்பு முதன்மை ஆசிரியர்களும் முதன்மை ஆசிரியர்களும் உண்டு. அரசுகளும் பார்வையாளர் அமைப்புகளும் முன்மொழியும் பெயர்களிலிருந்து இவர்கள் தேர்ந்தெடுக்கப்படுகிறார்கள். 2021 ஆகஸ்டில் வெளிவந்த ஆறாவது மதிப்பீட்டின் முதல் பணிக்குழு (காலநிலையின் அறிவியல் அடிப்படையை மதிப்பிடுவது) அறிக்கையை 234 ஆசிரியர்கள் எழுதினார்கள். மதிப்பாய்வாளர்கள் இவர்களிலிருந்து வேறானவர்கள். அவர்களை யாரும் நியமிப்பதில்லை. மதிப்பாய்வுக் காலம் அறிவிக்கப்பட்டதும் தாமே பதிவு செய்துகொண்டு, தமக்கு எந்தத் துறையில் தேர்ச்சி உண்டு என்பதைத் தாமே உறுதிமொழியாக எழுதிக்கொடுத்து வரைவைப் பெறுகிறார்கள். ஊதியம் இல்லை. இறுதி அறிக்கையின் பின்னிணைப்பில் பெயர் இடம்பெறும்.

மூன்றாவதாக ஒரு தரப்பும் உண்டு. அவர்கள் மதிப்பாய்வுப் பதிப்பாசிரியர்கள். ஒவ்வொரு இயலுக்கும் குறைந்தது இருவர் இருப்பார்கள். வந்த கருத்து ஒவ்வொன்றும் ஆசிரியர்களால் உரிய முறையில் கவனிக்கப்பட்டதா என்று பார்ப்பது இவர்களது கடமை. வெளியே அதிகம் பேசப்படாத பொறுப்பு இது. ஆனால் இந்த ஏற்பாடு முழுவதும் இவர்களுடைய விழிப்பைத்தான் நம்பியிருக்கிறது என்பதைக் கீழே வரும் எடுத்துக்காட்டு காட்டும்.

எத்தனை கட்டங்கள் உள்ளன?

முதல் வரைவைத் துறையறிஞர்கள் படிக்கிறார்கள். இரண்டாம் வரைவைத் துறையறிஞர்களும் அரசுகளும் படிக்கிறார்கள். இந்த இரண்டுக்கும் பெரும்பாலும் எட்டு வாரங்கள் வரை அவகாசம் கிடைக்கும். அதன்பின் இறுதி வரைவு அரசுகளுக்கு அனுப்பப்பட்டு, கொள்கை வகுப்போருக்கான சுருக்கத்தின்மீது அவற்றின் கருத்துகள் பெறப்படுகின்றன.

மேற்சொன்ன 2021 அறிக்கைக்கு முதல் வரைவில் 23,462 கருத்துகளும், இரண்டாம் வரைவில் 51,387 கருத்துகளும், இறுதி வரைவில் 3,158 கருத்துகளும் வந்தன, மொத்தம் 78,007. இந்த எண்ணிக்கை பெருமைக்குரியதுதான். ஆயினும் எண்ணிக்கை மட்டுமே தரத்தை உறுதிசெய்துவிடும் என்று யாரும் கருதக்கூடாது. ஓர் எண் எங்கிருந்து வந்தது என்று அதன் மூலம்வரை தேடிச்சென்று பார்த்த ஒரே ஒரு மதிப்பாய்வாளர், பொதுவான அபிப்பிராயம் சொன்ன நூறு பேரைவிட அறிக்கைக்கு அதிக நன்மை செய்கிறார்.

நான் முனைவர் பட்ட மாணவர். எனக்குத் தகுதி உண்டா?

உண்டு. பட்டமோ பதவியோ கேட்கப்படுவதில்லை. நீங்கள் கருத்துச் சொல்லும் பொருளில் உங்களுக்கு அறிவு இருக்க வேண்டும், அவ்வளவுதான். இளம் ஆய்வாளர்களின் சங்கங்கள் கடல், பனிப்பகுதிகள் குறித்த சிறப்பு அறிக்கையின் வரைவைக் குழுவாகப் படித்து, உறுப்பினர்களின் கருத்துகளைத் தொகுத்து அனுப்பியிருக்கின்றன. ஒரு துறையின் மாணவர்கள் வழிகாட்டியுடன் அமர்ந்து ஓர் இயலைப் பகிர்ந்துகொண்டு படிப்பது மிக நல்ல முறை.

முழு அறிக்கையையும் படிக்க முயல வேண்டாம். ஆயிரக்கணக்கான பக்கங்களை மேலோட்டமாகப் புரட்டுவதைவிட, உங்களுக்கு நன்றாகத் தெரிந்த பத்துப் பக்கங்களை வரிவரியாகப் படிப்பதே பயன் தரும். மன்னார் வளைகுடாவில் 2010 இலும் 2016 இலும் பவளங்கள் வெளிறியதைப் பற்றியோ, காவிரிப் படுகையின் நிலத்தடி நீரில் உப்பு ஏறுவதைப் பற்றியோ ஆய்ந்த ஒருவருக்கு, ஆசியா பற்றிய இயலில் அந்தப் பகுதியைக் குறித்து எழுதப்பட்டிருக்கும் இரண்டு வாக்கியங்களைச் சரிபார்க்கும் ஆற்றல் அந்த இயலின் ஆசிரியர்களைவிட அதிகமாகவே இருக்கும். அத்தகையோர் வாய்திறக்காமல் இருந்தால் அந்த இரண்டு வாக்கியங்களும் சரிபார்க்கப்படாமலே அச்சேறும்.

உள்ளடக்கத்தின் தரம் என்று எதைப் பார்க்க வேண்டும்?

முதலில், சொல்லப்படும் கூற்றும் அதற்குக் காட்டப்படும் சான்றும் பொருந்துகின்றனவா என்பதைப் பார்க்க வேண்டும். மேற்கோள் காட்டப்பட்ட கட்டுரையை எடுத்துப் படியுங்கள். அந்தக் கட்டுரை அதைத்தான் சொல்கிறதா, அல்லது வேறு யாரோ சொன்னதைத் தன் முன்னுரையில் எடுத்துச் சொல்கிறதா என்று பாருங்கள். இரண்டாவது வகையானால், அந்த வேறு யாரோ யார் என்று தேடிச் செல்லுங்கள்.

அடுத்து, எண்கள்: அலகு, காலப்பகுதி, எந்த நிலப்பரப்புக்கு உரியது என்பவை. அதன்பின், ஒரே அறிக்கையின் இரண்டு இடங்கள் ஒன்றோடொன்று முரண்படுகின்றனவா என்பது. கடைசியாகச் சொன்னாலும் கடினமானது, விடுபட்டது எது என்று காண்பது. எழுதப்பட்டிருப்பதில் கண் பதிந்திருக்கும்போது எழுதப்படாதது கண்ணில் படுவதில்லை. மாறான முடிவு சொல்லும் நல்ல ஆய்வு ஒன்று புறக்கணிக்கப்பட்டிருந்தால் அதைச் சுட்டுவது, நீங்கள் அந்த முடிவை ஏற்காதவராக இருந்தாலும், உங்கள் கடமைதான்.

இமயமலைப் பனியாறுகள் 2035 இல் மறைந்துவிடும் என்று ஓர் அறிக்கையில் தவறாக வந்ததாகச் சொல்கிறார்களே, அது எப்படி நடந்தது?

மதிப்பாய்வு செய்ய விரும்பும் ஒவ்வொருவரும் இதை விவரமாகத் தெரிந்துகொள்ள வேண்டும். 2007 இல் வெளிவந்த நான்காவது மதிப்பீட்டின் இரண்டாம் பணிக்குழு (காலநிலை மாற்றத்தின் தாக்கங்களை மதிப்பிடுவது) அறிக்கையில், ஆசியா பற்றிய பத்தாவது இயலில், இப்போதைய வேகம் தொடர்ந்தால் இமயமலைப் பனியாறுகள் 2035 வாக்கிலோ அதற்கு முன்போ மறைந்துபோகும் வாய்ப்பு மிக அதிகம் என்று எழுதப்பட்டது. அடுத்த வாக்கியம், அவற்றின் பரப்பு 5,00,000 சதுர கிலோமீட்டரிலிருந்து 2035 இல் 1,00,000 சதுர கிலோமீட்டராகச் சுருங்கும் என்றது.

இந்த இரண்டு வாக்கியங்களுக்கும் சான்றாகக் காட்டப்பட்டது உலக இயற்கை நிதியத்தின் 2005 ஆம் ஆண்டு அறிக்கை. அந்த அறிக்கையோ 2035 என்ற ஆண்டை 1999 இல் வெளிவந்த அறிவியல் வார இதழ்ச் செய்தி ஒன்றிலிருந்து எடுத்திருந்தது. சக மதிப்பாய்வுக்கு, அதாவது அதே துறையின் பிற அறிஞர்கள் வெளியீட்டுக்கு முன் செய்யும் சோதனைக்கு, உட்பட்ட ஆய்வு எதிலும் அந்த ஆண்டு இல்லை. பரப்பு பற்றிய எண்களின் வேர் 1996 இல் யுனெஸ்கோ வெளியிட்ட ஓர் அறிக்கையில் இருந்தது; ஆனால் அங்கே பேசப்பட்டது துருவப் பகுதிகளுக்கு வெளியே உலகம் முழுவதிலும் உள்ள பனியாறுகளைப் பற்றி, குறிப்பிடப்பட்ட ஆண்டும் 2350. இமயமலைப் பனியாறுகளின் மொத்தப் பரப்பு அந்த 5,00,000 சதுர கிலோமீட்டரில் பத்தில் ஒரு பங்குகூட வராது. பனியாற்று அறிவியலாளர்கள் நால்வர் 2010 தொடக்கத்தில் சயின்ஸ் இதழில் எழுதிய கடிதம் இந்தச் சங்கிலியை விளக்கியது.

2009 நவம்பரில் இந்தியச் சுற்றுச்சூழல் அமைச்சகம் வெளியிட்ட ஆய்வுரை ஒன்று இமயமலைப் பனியாறுகளின் நிலை குறித்து வேறு சித்திரத்தைத் தந்தபோது விவாதம் சூடுபிடித்தது. 2010 ஜனவரி 20 அன்று, அந்தப் பத்தி போதிய ஆதாரமற்ற மதிப்பீடுகளை மேற்கோள் காட்டியது என்று ஐபிசிசி வருத்தம் தெரிவித்து அறிக்கை வெளியிட்டது.

பனியாறுகள் உருகிக்கொண்டிருக்கின்றன என்ற அடிப்படை உண்மை இதனால் சற்றும் அசையவில்லை. அசைந்தது மக்களின் நம்பிக்கை. காலநிலை மாற்றத்தையே மறுப்போர் இந்த ஒரே ஒரு பத்தியைப் பல ஆண்டுகள் கையில் வைத்துக்கொண்டு பேசினார்கள் என்பதை எண்ணிப் பார்த்தால், ஒரு வரியைச் சரிபார்ப்பது எவ்வளவு பெரிய பொதுச்சேவை என்பது விளங்கும்.

அந்த வரைவைப் படித்த மதிப்பாய்வாளர்கள் யாருமே கவனிக்கவில்லையா?

கவனித்தார்கள். இரண்டாம் வரைவின்மீது வந்த கருத்துகளில், இது மிக முக்கியமான கூற்று, இதன் உறுதிநிலை என்ன என்ற வினாவை ஜப்பான் அரசு எழுப்பியிருந்தது. முதல் வாக்கியம் பனியாறுகள் மறைந்துவிடும் என்கிறது, அடுத்தது 1,00,000 சதுர கிலோமீட்டர் எஞ்சும் என்கிறது, இரண்டும் எப்படிப் பொருந்தும் என்று ஒரு மதிப்பாய்வாளர் கேட்டிருந்தார். அதைக் கேட்கப் பனியாற்று அறிவியல் தெரிந்திருக்க வேண்டியதில்லை, அடுத்தடுத்த இரண்டு வாக்கியங்களைக் கவனமாகப் படித்தாலே போதும். இந்தக் கேள்விகளுக்கு உரிய விடை தரப்படாமலே பத்தி அச்சுக்குச் சென்றது.

ஆகவே இந்தப் பிழையை மதிப்பாய்வு இல்லாததால் வந்த பிழை என்று சொல்வது சரியாகாது. மதிப்பாய்வில் எழுந்த கேள்வி இறுதிவரை பின்தொடரப்படாததால் வந்த பிழை அது. இன்னொரு காரணமும் எண்ணத்தக்கது. அதே மதிப்பீட்டின் முதல் பணிக்குழு அறிக்கையில் பனி, பனியாறு பற்றித் தனி இயலே இருந்தது; அதில் 2035 என்ற கூற்று இல்லை. பனியாறுகளை அறிந்தோர் எழுதிய இயல் ஒரு தொகுதியிலும், பனியாறுகளைப் பற்றிய தவறான பத்தி இன்னொரு தொகுதியிலும் இருந்தன. உங்கள் துறைக்குரிய இயலைப் படித்து முடித்ததும், உங்கள் துறையைப் பற்றிப் பிற தொகுதிகளில் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று தேடிப் பார்ப்பதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

எண்களை எந்த அளவுக்குச் சரிபார்க்க வேண்டும்?

கணக்குப் போட்டுப் பார்க்கும் அளவுக்கு. அதே பத்தாவது இயலின் அட்டவணை ஒன்றில், உத்தராகண்டின் பிண்டாரிப் பனியாறு 1845 முதல் 1966 வரை 2,840 மீட்டர் பின்வாங்கியதாகவும், ஆண்டுக்குச் சராசரி 135.2 மீட்டர் என்றும் இருந்தது. 1845 க்கும் 1966 க்கும் இடையே 121 ஆண்டுகள். 2,840 ஐ 121 ஆல் வகுத்தால் ஏறத்தாழ 23.5 தான் வரும். 21 ஆல் வகுத்தால்தான் 135.2 வரும். பனியாறுகள் வேகமாகப் பின்வாங்குகின்றன என்ற வாதத்துக்கு இந்தப் பெரிய எண் இசைவாக இருந்ததால் யாருக்கும் ஐயம் எழவில்லை போலும். எதிர்பார்ப்போடு ஒத்துப்போகும் எண்ணைத்தான் முதலில் சோதிக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

சில பிழைகளைக் கணக்குப் போட்டுக் கண்டுபிடிக்க முடியாது. நெதர்லாந்தின் 55 விழுக்காடு நிலம் கடல்மட்டத்துக்குக் கீழே இருப்பதாக 2007 அறிக்கை சொன்னது. உண்மையில் 26 விழுக்காடு கடல்மட்டத்துக்குக் கீழே உள்ளது, மேலும் 29 விழுக்காடு ஆற்று வெள்ளத்துக்கு ஆட்படக்கூடியது. இரண்டும் கூட்டப்பட்டு ஒன்றாக எழுதப்பட்டுவிட்டன. அந்தத் தகவலைத் தந்ததே நெதர்லாந்து அரசின் சுற்றுச்சூழல் மதிப்பீட்டு நிறுவனம்தான். உயர்ந்த இடத்திலிருந்து வந்த எண் என்பதால் சோதனையிலிருந்து விலக்குக் கிடைத்துவிடக் கூடாது.

பயனுள்ள கருத்தை எழுதுவது எப்படி?

கருத்துகள் அட்டவணை வடிவில் பெறப்படுகின்றன. தொடங்கும் பக்கம், வரி, முடியும் பக்கம், வரி ஆகியவற்றுக்கான கட்டங்களை முதலில் நிரப்ப வேண்டும். வரைவின் ஒவ்வொரு வரிக்கும் எண் இடப்பட்டிருப்பது இதற்காகத்தான். வரைவுகளும் கருத்துகளும் ஆங்கிலத்தில் உள்ளன.

"இந்தப் பகுதி வலுவாக இல்லை, மேம்படுத்தவும்" என்று எழுதினால் ஆசிரியரால் எதுவும் செய்ய இயலாது. "அட்டவணையில் பிண்டாரிப் பனியாற்றுக்கான சராசரி தவறு; 1845 முதல் 1966 வரை 121 ஆண்டுகள், எனவே 2,840 மீட்டரை அதனால் வகுத்தால் ஆண்டுக்கு 23.5 மீட்டர், இந்த எண்ணைச் சார்ந்து பத்தியில் எழுதப்பட்டுள்ள வாக்கியத்தையும் மாற்ற வேண்டும்" என்று எழுதினால் ஆசிரியருக்குச் செய்ய வேண்டியது தெளிவாகிவிடும். எங்கே, என்ன தவறு, ஏன் தவறு, பதிலாக என்ன எழுதலாம், அதற்குச் சான்று எது என்ற ஐந்தும் ஒரே கட்டத்தில் இருந்தால், அந்தக் கருத்தை விடை சொல்லாமல் தாண்டிச் செல்வது கடினம். ஒரு கட்டத்தில் ஒரு கருத்து மட்டும் எழுதுங்கள். நான்கு கருத்துகளை ஒன்றாக எழுதினால், எளியதற்கு விடை எழுதிவிட்டுக் கடியதைக் கடந்துபோக இடம் கிடைத்துவிடும்.

சொல்லும் முறையில் மரியாதை வேண்டும். எழுதியவர்களும் ஊதியமின்றி உழைப்பவர்களே. குறை கூற்றில் இருப்பதாகவே எழுதுங்கள், எழுதியவரின் நோக்கத்தில் இருப்பதாக எழுதாதீர்கள்.

எழுத்துப் பிழைகளையும் மொழிநடையையும் சுட்டலாமா?

வேண்டாம். அதற்கெனப் பின்னர் செம்மையாக்கும் கட்டம் உண்டு. 2010 ஆகஸ்டில் ஐபிசிசியின் நடைமுறைகளை ஆராய்ந்து அறிக்கை தந்த அறிவியல் கழகங்களின் குழு, முக்கியமான பொருட்குறைகளை மதிப்பாய்வுப் பதிப்பாசிரியர்கள் தொகுத்துத் தர வேண்டும், அவற்றுக்கு ஆசிரியர்கள் விரிவாக விடையளிக்க வேண்டும், மொழிசார்ந்த கருத்துகளுக்கு எழுத்துவழி விடை தேவையில்லை என்று பரிந்துரைத்தது. பல்லாயிரம் கருத்துகளைக் கையாளும் ஆசிரியருக்கு, காற்புள்ளி பற்றிய முந்நூறு குறிப்புகள் நடுவே 2035 பற்றிய ஒரு குறிப்பு புதைந்துபோவது எளிது. ஒரு சொல்லின் பிழை பொருளையே மாற்றிவிடுமானால் மட்டும் எழுதுங்கள்.

"வாய்ப்புள்ளது", "மிகவும் வாய்ப்புள்ளது" போன்ற சொற்களை எப்படிச் சரிபார்ப்பது?

ஐபிசிசி அறிக்கைகளில் இச்சொற்களுக்கு அளவு வரையறுக்கப்பட்டுள்ளது. வாய்ப்புள்ளது என்றால் 66 முதல் 100 விழுக்காடு, மிகவும் வாய்ப்புள்ளது என்றால் 90 முதல் 100, ஏறத்தாழ உறுதி என்றால் 99 முதல் 100 விழுக்காடு வரையான நிகழ்தகவு. இவற்றோடு, சான்றின் வலுவையும் ஆய்வுகளுக்கிடையேயான உடன்பாட்டையும் பொறுத்து உறுதிநிலை மிகக் குறைவு முதல் மிக உயர்வு வரை ஐந்து படிகளாகக் குறிக்கப்படுகிறது.

மதிப்பாய்வாளர் கேட்க வேண்டியது: இந்தப் படியை ஆசிரியர்கள் தேர்ந்ததற்கான காரணம் அதே பகுதியில் விளக்கப்பட்டிருக்கிறதா? இரண்டு ஆய்வுகளை மட்டும் வைத்துக்கொண்டு உயர் உறுதிநிலை என்று எழுதியிருந்தால் கேளுங்கள். வலுவான சான்று இருந்தும் அஞ்சிக் குறைத்து எழுதியிருந்தாலும் கேளுங்கள். இயலின் உள்ளே நடுத்தரமாக இருந்த உறுதிநிலை சுருக்கத்துக்கு வரும்போது உயர்ந்துவிட்டதா என்பதையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

செய்தித்தாள், அரசுத்துறை அறிக்கை, தமிழில் வந்த வெளியீடு ஆகியவற்றை ஆதாரமாகச் சுட்டலாமா?

சக மதிப்பாய்வுக்கு உட்பட்ட ஆய்விதழ்களுக்கே முன்னுரிமை. செய்தித்தாள்களும் வார, மாத இதழ்களும் பொதுவாக ஏற்கத்தக்க ஆதாரங்கள் அல்ல. வலைப்பூக்களும் சமூக ஊடகங்களும் அறவே ஏற்கப்படுவதில்லை. அரசுத்துறை அறிக்கைகள், பன்னாட்டு நிறுவன வெளியீடுகள் போன்றவற்றைப் பயன்படுத்தலாம், ஆனால் அவற்றின் தரத்தை ஆசிரியர்கள் தனியே சோதித்தாக வேண்டும். இத்தகைய ஆவணம் ஒன்று வரைவில் மேற்கோள் காட்டப்பட்டு, உங்களுக்குக் கிடைக்கவில்லையென்றால், மதிப்பாய்வுக் காலத்தில் அதைக் கேட்டுப் பெறலாம். இந்த உரிமையைத் தயங்காமல் பயன்படுத்துங்கள்.

மீன்வளம், பாசனம், பேரிடர் குறித்து நம் பகுதியில் உள்ள நல்ல தரவுகள் பலவும் அரசுத்துறை ஆவணங்களில்தான் இருக்கின்றன. அவற்றைச் சுட்டும்போது, தரவு எப்படித் திரட்டப்பட்டது, எந்த ஆண்டுகளுக்கு உரியது என்பதை இரண்டு வரிகளில் ஆங்கிலத்தில் விளக்கி எழுதினால் ஆசிரியர்களால் அதை எடைபோட முடியும்.

என்னுடைய சொந்தக் கட்டுரையைச் சேர்க்கும்படி கேட்கலாமா?

அது உண்மையிலேயே ஒரு குறையை நிரப்புமானால் கேட்கலாம். அதில் உள்ள எந்த முடிவு வரைவின் எந்த வரியை மாற்றும் என்று சொல்ல முடியாவிட்டால் கேட்காமலிருப்பதே நன்று.

வரைவை நண்பர்களுக்கோ செய்தியாளர்களுக்கோ தரலாமா?

கூடாது. மேற்கோள் காட்டவோ பரப்பவோ கூடாது என்பது ஒவ்வொரு வரைவுக்கும் உரிய நிபந்தனை. 2012 டிசம்பரில் மதிப்பாய்வாளர் ஒருவர் ஐந்தாவது மதிப்பீட்டின் முதல் பணிக்குழு வரைவை இணையத்தில் வெளியிட்டார். முடிவாகாத ஒரு வாக்கியத்தைத் தனியே பிடுங்கியெடுத்து, இதுவே அறிவியலின் புதிய தீர்ப்பு என்பதுபோல் பேச அது இடம் கொடுத்தது. பிழையோடு இருக்கவும் திருத்தப்படவும் வரைவுக்கு இடம் வேண்டும். அறிக்கை வெளியான பிறகு வரைவுகளும், கருத்துகள் அனைத்தும், ஒவ்வொன்றுக்கும் ஆசிரியர்கள் எழுதிய விடைகளும் ஐபிசிசியாலேயே வெளியிடப்படுகின்றன. புதிதாக மதிப்பாய்வு செய்வோர், பழைய அறிக்கையொன்றின் அந்தக் கோப்புகளை எடுத்து ஓர் இயலுக்குரிய கருத்துகளைப் படித்துப் பார்ப்பதைவிடச் சிறந்த பயிற்சி வேறில்லை.

என் கருத்தை ஆசிரியர்கள் ஏற்காவிட்டால்?

ஏற்க வேண்டிய கட்டாயம் அவர்களுக்கு இல்லை. ஏன் ஏற்கவில்லை என்று எழுத வேண்டிய கடமை உண்டு. முதல் வரைவில் சொன்ன குறை இரண்டாம் வரைவிலும் அப்படியே இருந்தால், மீண்டும் எழுதுங்கள். முன்பே சுட்டப்பட்டது என்பதைக் குறிப்பிட்டு, ஆதாரத்தை இன்னும் தெளிவாக வையுங்கள். தீர்க்க முடியாத கருத்து வேறுபாடு உள்ள இடத்தில் இரு நிலைப்பாடுகளும் அறிக்கையில் பதிவாக வேண்டும் என்பதே நெறி. அதைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு மதிப்பாய்வுப் பதிப்பாசிரியர்களுடையது.

கடைசியில் அரசுகள் வரிவரியாக ஒப்புதல் தருகின்றனவாமே, அப்போது அறிவியல் மாறிவிடாதா?

வரிவரியான ஒப்புதல் கொள்கை வகுப்போருக்கான சுருக்கத்துக்கு மட்டுமே உரியது. அந்த அமர்வில் ஆசிரியர்கள் உடனிருந்து, ஒவ்வொரு திருத்தமும் இயல்களில் உள்ள சான்றுக்கு உட்பட்டதா என்று சொல்கிறார்கள். ஒரு சொல் மென்மையாக்கப்படுவதும், ஒரு வாக்கியம் கைவிடப்படுவதும் உண்டு. அது வருந்தத்தக்க இடங்களும் உண்டு. ஆனால் இயல்களில் இல்லாத ஒன்றைச் சுருக்கத்தில் நுழைக்க முடியாது. ஆகவேதான் இயல்களின் வரைவை மதிப்பாய்வு செய்வதற்கு இவ்வளவு முக்கியத்துவம்: அங்கே சரியாக எழுதப்பட்டிருப்பதே பின்னர் நடக்கும் பேரத்துக்கு எல்லையாக நிற்கிறது.

அறிக்கை வெளியான பின்பு பிழையைக் கண்டால் என்ன செய்வது?

2035 விவகாரத்துக்குப் பிறகு, 2011 இல், பிழை குறித்த முறையீட்டைப் பெற்று, ஆராய்ந்து, திருத்தம் வெளியிடுவதற்கான வழிமுறையை ஐபிசிசி ஏற்படுத்தியது. எழுதும்போது, வெளியான காலத்தில் இருந்த ஆய்வுகளின்படியே அது பிழையா, அல்லது பின்னர் வந்த ஆய்வால் பழையதாகிவிட்ட முடிவா என்பதைப் பிரித்துச் சொல்லுங்கள். முதல் வகைக்குத்தான் திருத்தம் வரும். இரண்டாம் வகைக்கு உரிய இடம் அடுத்த மதிப்பீட்டின் முதல் வரைவு.